வாயிற்காவலரின் மலைக்கோயில்

மாண்ட்ரியல் நகரின் நடுவே எழும் மவுண்ட் ராயல் மலையின் வடமேற்குச் சரிவில், குயின் மேரி சாலையைப் பார்த்தபடி நிற்கிறது புனித சூசையப்பர் ஒராட்டரி. ஒராட்டரி என்றால் செபக்கூடம். பெயர்தான் எளியது, கனடாவின் மிகப் பெரிய தேவாலயம் இதுவே. ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் பேர் வந்துபோகிறார்கள். நோய் தீர வேண்டி வருபவர்கள், தீர்ந்ததற்கு நன்றி சொல்ல வருபவர்கள், நகரைச் சுற்றிப் பார்க்க வந்த வழியில் ஏறிப் பார்ப்பவர்கள் என எல்லோரும் அந்தக் கணக்கில் அடக்கம்.

கோத்-தே-நேஜ் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். பிரெஞ்சில் அந்தப் பெயருக்குப் பனிச்சரிவு என்று பொருள். பல நாட்டு மக்கள் கலந்து வாழும் இந்தப் பகுதியில், இலங்கைப் போருக்குத் தப்பி 1980-களில் வந்த தமிழர் பலரும் முதலில் குடியேறினார்கள். சாலையின் ஒரு புறம் மலையும் கோயிலும். எதிர்ப்புறம் நோத்ர் தாம் கல்லூரி என்னும் பள்ளிக்கூடம். கோயிலின் வரலாறு மலையில் தொடங்கவில்லை. எதிரே இருக்கும் பள்ளியின் வாசற்கதவில் தொடங்கியது.

அந்தக் கதவைத் திறந்து மூடும் வேலையில் இருந்தவர் சகோதரர் ஆந்த்ரே. இயற்பெயர் ஆல்பிரட் பெசெட். மாண்ட்ரியலுக்குத் தென்கிழக்கே உள்ள மோன் சேன் கிரெகுவார் என்ற கிராமத்தில் 1845 ஆகஸ்ட் 9 அன்று ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த அன்றே பிழைப்பாரோ என்ற ஐயம் இருந்தது. தந்தை தச்சர், மரம் வெட்டுபவர். ஆல்பிரடின் 9 வயதில், வெட்டிய மரம் மேலே விழுந்து இறந்தார். தாய் காசநோயில் போனபோது மகனுக்கு வயது 12. உறவினர் வீட்டில் வளர்ந்த பையன் செருப்புத் தைத்தான், ரொட்டிக் கடையில் நின்றான், கொல்லன் பட்டறையில் உழைத்தான். எதற்கும் உடம்பு ஈடுகொடுக்கவில்லை. வயிற்றுக் கோளாறு வாழ்நாள் முழுவதும் கூடவே வந்தது. 1863-இல் வேலை தேடி அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பஞ்சாலைகளுக்குப் போய், 4 ஆண்டுகளுக்குப் பின் திரும்பினார். படிப்பும் கிடையாது. கையெழுத்துப் போடவும் சிரமப்பட்டு எழுத்துக் கூட்டி வாசிக்கவும்தான் தெரியும்.

1870-இல் அவர் திருச்சிலுவை சபைத் துறவிகளின் கதவைத் தட்டினார். இப்பையன் வடிவில் ஒரு புனிதரையே அனுப்புகிறேன் என்ற பொருளில் ஊர்ப் பங்குக்குரு முன்கூட்டியே கடிதம் எழுதியிருந்தார். ஆனாலும் உடல்நலம் போதாது என்று சபை தயங்கியது. ஆயர் இக்னாஸ் பூர்ஜே குறுக்கிட்டுப் பரிந்து பேசிய பிறகே இடம் கிடைத்தது. 1874 பிப்ரவரி 2 அன்று இறுதி வார்த்தைப்பாடு கொடுத்தார். குருவாகப் படிக்க வைக்கும் தகுதி இல்லை என்பதால் பள்ளியின் வாயிற்காவலர் ஆனார். மேலிடத்தார் எனக்கு வாசலைக் காட்டினார்கள், நான் 40 ஆண்டு அங்கேயே நின்றுவிட்டேன் என்று பிற்காலத்தில் அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மணி அடித்தால் கதவு திறப்பது, கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பது, தரையைத் துடைப்பது, விளக்குக்கு எண்ணெய் விடுவது, மாணவர்களுக்கு முடி வெட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு.

இந்த வேலைகளின் ஊடேதான் நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். பிள்ளையைப் பார்க்க வந்த தாய் தன் மூட்டுவலியைச் சொல்வாள். பால் கொண்டு வந்தவர் வீட்டில் படுத்திருப்பவரைப் பற்றிச் சொல்வார். ஆந்த்ரே காது கொடுத்துக் கேட்பார். இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பரை வேண்டிக்கொள்ளச் சொல்வார். பள்ளிச் சிற்றாலயத்தில் சூசையப்பர் சொரூபத்தின் முன் எரியும் விளக்கிலிருந்து கொஞ்சம் எண்ணெய் எடுத்துத் தடவிக்கொள்ளக் கொடுப்பார். குணமானதாகச் சிலர் சொல்ல, செய்தி பரவி, கதவருகே வரிசை நீண்டது.

எதிர்ப்பும் உடன் வந்தது. நோயாளிகளோடு பிள்ளைகள் புழங்குவதைப் பெற்றோர் விரும்பவில்லை. பள்ளியின் மருத்துவர் இவரைப் போலி வைத்தியர் என்றே கருதினார். முடிவில், சாலைக்கு எதிரே டிராம் வண்டி நிறுத்தத்தில் நோயாளிகளைச் சந்தித்துக்கொள்ளும்படி ஏற்பாடானது. பேராயர் போல் புருஷேசி இதைத் தடுக்கவும் இல்லை, தூக்கிப் பிடிக்கவும் இல்லை. இது கடவுளின் வேலையானால் நிற்கும், இல்லையென்றால் தானே சரியும் என்பது அவருடைய நிலைப்பாடு என்று சொல்லப்படுகிறது.

சாலையிலிருந்து கோயிலுக்கு ஏறும் படிகள் மொத்தம் 283. நடுவில் ஓடும் 99 படிகள் மட்டும் மரத்தால் ஆனவை. அவை முழந்தாளிட்டு ஏறும் யாத்திரிகர்களுக்கென ஒதுக்கப்பட்டவை. அறிவிப்புப் பலகையும் உண்டு. இருபுறமும் கற்படிகளில் மற்றவர்கள் ஏறி இறங்க, நடுவே ஒருவர் ஒவ்வொரு படியிலும் நின்று, செபம் சொல்லி, அடுத்த படிக்கு முழங்காலைத் தூக்கி வைப்பார். மரத்தின் விளிம்பு முழங்கால் எலும்பில் அழுந்தும். பாதி வழியில் கைகளை ஊன்றி மூச்சு வாங்குவார். அவசரப்படுத்த யாரும் இல்லை. வேளாங்கண்ணியில் பழைய மாதா குளத்துக்கும் பேராலயத்துக்கும் நடுவே மணலில் முழந்தாளிட்டுப் போகிறவர்களைப் பார்த்த தமிழருக்கு இந்தக் காட்சிக்கு விளக்கம் தேவைப்படாது. அங்கே மணல் சுடும். இங்கே பனிக்காலத்தில் மரம் உறைந்து கிடக்கும். நேர்ச்சை ஒன்றுதான்.

படிகளின் மேலே, பெரிய கோயிலின் பக்கவாட்டில் முதல் சிற்றாலயம் இருக்கிறது. 1904 அக்டோபர் 19 அன்று அர்ச்சிக்கப்பட்ட அந்த மரக்கட்டடத்தின் அளவு 18 அடிக்கு 15 அடி. மாணவர்களுக்குத் தலைக்கு 5 சென்ட் வாங்கி முடி வெட்டிச் சேர்த்த காசும், யாத்திரிகர் போட்ட சில்லறையும்தான் முதல் மூலதனம். உள்ளே ஒரு பீடமும் அதைச் சுற்றிச் சிலர் நிற்கும் இடமும் உண்டு. மற்றவர்கள் கதவுக்கு வெளியே புல்தரையில் நின்றார்கள். 1909-இல் ஆந்த்ரே பள்ளிக் கதவிலிருந்து விடுவிக்கப்பட்டு முழுநேரமும் இங்கே பணி செய்ய வந்தார். சிற்றாலயத்தின் மேல்மாடத்தில் அவர் தங்கிய சிறு அறையை இன்றும் பார்க்கலாம். பகல் முழுவதும் நோயாளிகளைப் பார்ப்பார். மாலையில் வண்டி வைத்திருக்கும் நண்பர் யாராவது அழைத்துப்போக, வீட்டில் படுத்திருப்பவர்களைப் பார்க்கப் போவார். பிற்காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 80,000 கடிதங்கள் வந்தன. பதில் எழுத நான்கு எழுத்தர்கள் தேவைப்பட்டார்கள்.

சாந்தமே உருவான முதியவராக அவரைக் கற்பனை செய்வது தவறு. எரிச்சல்படுவார், சுருக்கென்று பேசுவார், பிறகு அதற்காக அழுவார். அவரைக் கோபப்படுத்த ஒரு சொல் போதும்: நீங்கள்தான் என்னைக் குணமாக்கினீர்கள் என்று சொல்லிவிட்டால் போதும். தான் சூசையப்பரின் எடுபிடி மட்டுமே என்பது அவருடைய மாறாத பதில்.

முதல் சிற்றாலயம் போதாமல் 1917-இல் மலைச்சரிவில் நிலவறைக் கோயில் எழுந்தது. சுமார் 1,000 பேர் அமரலாம். நிலவறைக்கு அடுத்த கூடமே இன்று ஒராட்டரியின் இதயம் எனத் தக்கது. சூசையப்பரின் வெவ்வேறு பட்டங்களைக் காட்டும் புடைப்புச் சிற்பங்கள் சுவரோரம் உள்ளன. தொழிலாளரின் முன்மாதிரி, குடும்பங்களின் தூண், துன்புறுவோரின் ஆறுதல், நோயாளிகளின் நம்பிக்கை, மரிப்போரின் பாதுகாவலர் போன்ற இந்தப் பட்டங்களைச் சூசையப்பர் பிரார்த்தனையில் கேட்டு வளர்ந்த தமிழ்க் கத்தோலிக்கருக்கு அந்தச் சிற்பங்கள் பழகிய முகங்கள். ஒவ்வொன்றின் முன்னும் படிப்படியாக விளக்குத் தட்டுகள். மொத்தம் 10,000 விளக்குகளுக்கு இடம் உண்டு. வண்ணக் கண்ணாடிக் குவளைகளுக்குள் சுடர் அசைய, கூடத்தில் மெழுகு வாசனையும் வெக்கையும் நிறைந்திருக்கும். வெளியே குளிருக்குப் போட்டு வந்த மேலங்கியை உள்ளே நுழைந்ததும் கழற்றத் தோன்றும்.

தூண்களின் இடைவெளிகளில் ஊன்றுகோல்கள் தொங்குகின்றன. நூற்றுக்கணக்கில், மேலிருந்து கீழ் வரை. அக்குளில் முட்டுக் கொடுக்கும் தோல் உறை கிழிந்தவை, நுனி ரப்பர் தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்தவை, குழந்தை உயரத்துக்கு வெட்டப்பட்டவை, வெறும் கைத்தடிகள் எனப் பலவகை. குணமானவர்கள் தங்களுக்கு இனி வேண்டாம் என்று விட்டுப் போனவை அவை. வேளாங்கண்ணிக் காணிக்கைக் காட்சிக்கூடத்தில் வெள்ளியிலும் தங்கத்திலும் கண், கை, கால், தொட்டில் எனச் செய்து வைத்திருப்பதற்கும் இதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. அங்கே குணமான உறுப்பின் வடிவம் காணிக்கை ஆகிறது. இங்கே நோயின் கருவியே காணிக்கை.

அடுத்த அறையில் ஆந்த்ரேயின் கல்லறை. கருங்கல்லில் அலங்காரமில்லாத ஒரு பெட்டி. ஏழை, ஊழியன், எளியவன் என்று பொருள்படும் இலத்தீன் சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. வருகிறவர்கள் உள்ளங்கையைக் கல்லின் மேல் வைத்துச் சற்று நேரம் நிற்பார்கள். சிலர் நோயாளியின் புகைப்படத்தையோ துணியையோ கல்லில் வைத்து எடுப்பார்கள். 1937 ஜனவரி 6 அன்று, 91-ஆம் வயதில் அவர் இறந்தபோது பத்து லட்சம் பேர் உடலைக் காண வந்ததாகக் கணக்கிடப்பட்டது. பனியிலும் மழையிலும் வரிசை இரவு பகலாக நகர்ந்தது.

அவருடைய இதயம் தனியே எடுக்கப்பட்டு, கண்ணாடிக் கலத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளது. பெருமக்களின் இதயத்தைத் தனியே வைத்துப் போற்றுவது பிரெஞ்சு மரபில் பழைய வழக்கம். 1973 மார்ச்சில் அந்த இதயம் களவு போனது. 50,000 டாலர் பணயம் கேட்கப்பட்டது, ஒராட்டரி கொடுக்கவில்லை. 1974 டிசம்பரில் மாண்ட்ரியலிலேயே ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளப் பெட்டகத்தில் கண்டெடுக்கப்பட்டது. இப்போது இரும்புக் கம்பிகளுக்குப் பின்னால் இருக்கிறது.

கோயில் கடையில் சிறு குப்பிகளில் சூசையப்பர் எண்ணெய் விற்கிறார்கள். அதைத் திருச்சபை எப்படிப் பார்க்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இவ்விடத்தின் நம்பிக்கையும் புரியும். எண்ணெய் மருந்து அல்ல, மந்திரமும் அல்ல. குருவானவர் நோயாளிக்குப் பூசும் அர்ச்சிக்கப்பட்ட எண்ணெயும் அல்ல. நோயில் பூசுதல் ஏழு திருவருட்சாதனங்களுள் ஒன்று; யாக்கோபு திருமுகம் அதற்கு அடிப்படை. பல நூற்றாண்டுகளாக அதைச் சாகும் தறுவாயில் தரும் அவஸ்தைப் பூசுதல் என்றே மக்கள் அறிந்திருந்தார்கள். குருவை வீட்டுக்கு அழைத்தாலே நோயாளி பயந்துபோவார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழியில் 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதன் முறையைத் திருத்தி, கடுமையான நோயிலோ முதுமைத் தளர்ச்சியிலோ உள்ள எவருக்கும் தரலாம் என்று தெளிவாக்கினார். சூசையப்பர் எண்ணெய் இந்த வரிசையில் வராது. அது பக்திக்கு ஓர் அடையாளம். மனத்தைச் செபத்தின் பக்கம் திருப்பும் ஒரு சைகை. ஆந்த்ரே பல சமயம் எண்ணெயோடு சேர்த்து, ஒன்பது நாள் நவநாள் செபமும், மருத்துவரைப் பார்க்கும்படி அறிவுரையும் சொல்லி அனுப்பினார்.

குணமளிக்கும் கொடை சிலருக்குத் தரப்படலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கிறது. மிகுந்த உருக்கத்தோடு செபித்தாலும் எல்லா நோயும் தீர்ந்துவிடாது என்பதையும் மறைக்காமல் கற்பிக்கிறது. குணமளிக்கும் செபக் கூட்டங்கள் பெருகியபோது, கூச்சலும் நாடகத்தன்மையும் கூடாது, திருப்பலியோடு அவற்றைக் கலக்கக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டில் வத்திக்கான் தனி அறிவுறுத்தலே வெளியிட்டது. அற்புதம் என்று ஒன்றை அறிவிக்கவும் எளிதில் முன்வருவதில்லை. புனிதர் பட்டத்துக்கான விசாரணையில், நோய் கடுமையானதா, குணம் விரைவாகவும் முழுமையாகவும் வந்ததா, நிலைத்ததா, மருத்துவத்தால் விளக்க முடியாததா என்று மருத்துவர் குழு முதலில் ஆராயும். ஆயிரக்கணக்கானோர் ஆந்த்ரேயின் பெயரைச் சொன்னாலும் அவருடைய வழக்கில் முறைப்படி ஏற்கப்பட்டவை இரண்டே. புற்றுநோயிலிருந்து ஒருவர் மீண்டதை வைத்து 1982 மே 23 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரை அருளாளராக அறிவித்தார். விபத்தில் நினைவிழந்து கிடந்த ஒரு சிறுவன் மீண்டதை வைத்து 2010 அக்டோபர் 17 அன்று பதினாறாம் பெனடிக்ட் புனிதர் பட்டம் தந்தார். திருச்சிலுவை சபையின் முதல் புனிதர் அவர்.

ஊன்றுகோலை விட்டுச் செல்பவரைவிட அதே ஊன்றுகோலோடு இறங்கிச் செல்பவர்கள் எப்போதும் அதிகம். அவர்கள் மீண்டும் வருகிறார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. நோய் தீராவிட்டாலும், தன் வலியை ஒருவர் முழுமையாகக் கேட்டார் என்ற உணர்வு, நாளைக் கழிக்கும் தெம்பு, பகை மறந்து வீடு திரும்பும் மனம் ஆகியவற்றையும் ஆன்மிக நலம் என்றே கத்தோலிக்க மரபு எண்ணுகிறது. ஒராட்டரியில் ஒப்புரவு அருளடையாளத்துக்குக் குருக்கள் காத்திருப்பதும் இதற்காகவே. கதவருகே நின்று கேட்பதுதான் ஆந்த்ரேயின் முதல் வேலையாக இருந்தது. எண்ணெய் அதற்குப் பிறகு வந்தது.

நிலவறையிலிருந்து மின்படிகளில் ஏறினால் மேல் பேராலயம். 1924-இல் தொடங்கிய கட்டுமானம், பொருளாதாரப் பெருமந்தத்தில் பணம் வற்றி 1931-இல் நின்றது. 1936-இல், கூரையில்லாத சுவர்களுக்குள் சூசையப்பர் சொரூபத்தை வைத்துவிடுங்கள், கூரை வேண்டுமென்றால் அவரே பார்த்துக்கொள்வார் என்று முதியவர் ஆந்த்ரே யோசனை சொன்னார். அப்படியே பவனியாக எடுத்துச் சென்று வைத்தார்கள். அடுத்த ஆண்டே பணி மீண்டும் தொடங்கியது. அதற்குள் அவர் மறைந்துவிட்டார். பிரெஞ்சு பெனடிக்ட் சபைத் துறவியும் கட்டடக்கலைஞருமான போல் பெல்லோ குவிமாடத்தைக் கான்கிரீட்டில் வடிவமைத்தார். முழுப் பணியும் முடிய 1967 ஆயிற்று. உள்ளே ஆரவாரம் இல்லை: சாம்பல் நிறக் கான்கிரீட் வளைவுகள், மரத்தில் செதுக்கிய அப்போஸ்தலர்கள், நீண்ட அமைதி. வெளியே 56 மணிகள் கொண்ட மணிக்கோவை ஒன்று உண்டு. பாரிஸின் ஈபிள் கோபுரத்துக்கென வார்க்கப்பட்டு இங்கே வந்து சேர்ந்தது.

மாண்ட்ரியலில் நம்பிக்கையும் நலமும் பிணைந்தது ஆந்த்ரே காலத்தில் அல்ல. 1642-இல் நகரம் நிறுவப்பட்டபோது அதன் பெயர் வில் மாரி, அதாவது மரியாளின் ஊர். நிறுவியவர்களுள் ஒருவரான ழான் மான்ஸ் 1645-இல் மருத்துவமனையைக் கட்டினார். முதல் கிறிஸ்துமஸுக்கு ஆற்றுவெள்ளம் கோட்டையை நெருங்கி வடிந்ததற்கு நன்றியாக, தலைவர் மெசொன்னெவ் 1643 ஜனவரி 6 அன்று மரச்சிலுவை ஒன்றைச் சுமந்து மலையேறினார்; இன்று மலையுச்சியில் இரவில் ஒளிரும் 1924-ஆம் ஆண்டு இரும்புச் சிலுவை அதன் நினைவு. பழைய துறைமுகத்தருகே மார்கரித் பூர்ஜ்வா தொடங்கிய நோத்ர் தாம் தெ போன் செக்கூர் ஆலயத்தில் கப்பல் வடிவ விளக்குகள் கூரையிலிருந்து தொங்குகின்றன, புயலில் தப்பிய மாலுமிகளின் நேர்ச்சையாக. ஆற்றின் தென்கரையில் கானவாகே என்ற மொகாக் பூர்வகுடி ஊரில், பெரியம்மையின் தழும்போடும் மங்கிய பார்வையோடும் வாழ்ந்து 1680-இல் 24 வயதில் இறந்த கத்தேரி தெகக்வித்தாவின் கல்லறை உள்ளது. 2012-இல் அவர் புனிதரானார். மலைச்சிலுவை, போன் செக்கூர் ஆலயம், கானவாகே ஆகிய மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம். ஆனால் ஒராட்டரிக்கு அரை நாளாவது வேண்டும்.

1960-களில் அமைதிப் புரட்சி எனப்படும் சமூக மாற்றத்துக்குப் பின், மாண்ட்ரியல் அடங்கிய கியூபெக் மாகாணத்தில் ஞாயிறு பூசைக்கு வருபவர்கள் சட்டென்று குறைந்தார்கள். பல ஆலயங்கள் நூலகங்களாகவும் குடியிருப்புகளாகவும் மாறின. அரசின் சில பணிகளில் உள்ளோர் மத அடையாளம் அணிவதைத் தடுக்கும் சட்டம் 2019-இல் வந்தது. ஒராட்டரியின் படிகளில் இன்று ஏறுபவர்களில் ஹைட்டியர், பிலிப்பைன்ஸ் நாட்டவர், லத்தீன் அமெரிக்கர், தமிழர் என குடியேறியவர்களின் பங்கு பெரிது. இலங்கையின் மடுமாதா கோயிலிலும் வேளாங்கண்ணியிலும் போலவே தமிழ் இந்துக்களும் இங்கே விளக்கேற்றிப் போகிறார்கள். நகருக்கு மேற்கே ரிகோ என்ற ஊரில் பாறைச்சரிவில் உள்ள லூர்து மாதா திருத்தலத்துக்குக் கோடையில் தமிழர் கூட்டமாகத் திருயாத்திரை போவதும் வழக்கம்.

சூசையப்பர் 1624 முதல் கனடாவின் பாதுகாவலர். ஏரோதுக்குத் தப்பி, இரவோடு இரவாக மனைவியையும் பச்சைக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடியவர் அவர். 2021 மே 1 அன்று திருத்தந்தை பிரான்சிஸின் இசைவோடு அவருடைய பிரார்த்தனையில் ஏழு புதிய பட்டங்கள் சேர்க்கப்பட்டன. நாடு துறந்தோரின் பாதுகாவலர் என்பது அவற்றுள் ஒன்று.

திருவிழா நாட்கள் இரண்டு: கனடாவில் புனித ஆந்த்ரேயின் நினைவு ஜனவரி 7, சூசையப்பர் பெருவிழா மார்ச் 19, அதற்கு முன் ஒன்பது நாள் நவநாள். இரண்டுமே குளிர்காலத்தில் வருவதால் படிகளில் பனி வழித்து உப்புத் தூவியிருப்பார்கள். முழந்தாளிட முடியாதவர்களுக்கு மேலே வரை வாகனப் பாதை உண்டு. நிலவறைக் கோயிலுக்குள் சக்கர நாற்காலியிலேயே போய்விடலாம். கதவு தானாகத் திறக்கும்.